துண்டுச்சீட்டு இல்லாத மாத்திரை

கதவு திறந்தே இருக்கட்டும். சாத்தினால் நமக்குள் ஏதோ ரகசியம் என்று கூடத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். என்னிடம் ரகசியம் எதுவும் கிடையாது. உங்கள் மாமா பத்து நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதும். நீங்கள் அந்தத் தையல் மெஷின் ஸ்டூலிலேயே உட்காருங்கள். நான் நின்றுகொள்கிறேன். நின்றால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும்.

உங்கள் பெயர் வளர்மதி. வயது முப்பத்தொன்று. செவ்வாய் தோஷம். அதனால் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க முடியும் என்று உங்கள் அப்பா தரகரிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று தரகர் சொல்லியிருப்பார். அவன்தான் அவளைக் கொன்றான் என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் கோபப்படுவதில்லை. படிக்காதவர்கள். ஆனால் நீங்கள் என்னோடு வாழப் போகிறவர். எதையும் மறைத்துக் கல்யாணம் செய்யக் கூடாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கேள்வி இருந்தால் கேளுங்கள்.

எங்கள் பரம்பரையில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். முதல் பட்டதாரி சான்றிதழ் என்று தாசில்தார் கொடுப்பார், தெரியுமா? அதை வைத்துத்தான் காலேஜில் சேர்ந்தேன். லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன். கடை என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. ஊருக்கே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை. அதோடு, யார் மாத்திரை வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "சேகரு, இது எதுக்குப்பா, தேதி முடிஞ்சுதா பாரு." பார்த்துச் சொல்வேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் படித்து, என்னென்ன பக்க விளைவு வரும் என்று எழுதியே கொடுப்பேன். பலபேர் படித்துவிட்டு மாத்திரையை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். அது அவர்கள் விருப்பம். என் வேலை உள்ளதைச் சொல்வது.

செவ்வந்தியைக் கட்டினபோது எனக்கு இருபத்தெட்டு. அவள் பத்தாவது. நூல் மில்லில் வேலை பார்த்தவள். நல்ல பெண். நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். ஒரு குறைதான் இருந்தது, அதையும் பிறகு சொல்கிறேன்.

நான்காம் மாதத்தில் கஸ்தூரி நர்சம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் பகுதிக்கு அவர்தான். விரலில் குத்திப் பார்த்து, "ரத்தம் ஒம்பது புள்ளி ரெண்டுதான் இருக்கு செவ்வந்தி. குறைச்சல். தினம் ஒண்ணு போடு" என்று சிவப்பு மாத்திரை மூன்று அட்டை கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரை. நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டி இல்லை. துண்டுச்சீட்டு இல்லை.

"சீட்டு எங்கம்மா?" என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"இதுல என்ன பக்க விளைவு வரும்னு போட்டிருப்பாங்களே, அந்தச் சீட்டு."

"இதுக்கெல்லாம் சீட்டு வராது தம்பி. பெரிய டப்பாவுல வரும். எல்லாரும் போடுறாங்க."

எல்லாரும் போடுகிறார்கள். இதை ஒரு பதில் என்று ஏற்றுக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள். துண்டுச்சீட்டு இல்லாத மருந்தை என் வீட்டில் எப்படி அனுமதிப்பேன்? ஆனாலும் நான் பிடிவாதக்காரன் இல்லை. போனில் தேடினேன். மூன்று மணி நேரம் படித்தேன். குமட்டல், வயிற்றுவலி, மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது என்று வரிசையாகப் போட்டிருந்தது. வேறொரு பக்கத்தில், மலம் கறுப்பாகப் போனால் குடலில் ரத்தம் கசியலாம் என்று இருந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரத்தம் ஏறுவதற்கு என்று ஒரு மாத்திரை, அதைப் போட்டால் உள்ளே ரத்தம் கசிகிறது. இதை யாராவது யோசித்தார்களா? யோசித்திருக்க மாட்டார்கள். படித்தால்தானே யோசிப்பதற்கு.

சரி, பதினொரு நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டுப் போட்டேன். காலையில் அவள் கக்கூஸ் போய்விட்டு வந்ததும் நிறம் என்ன என்று கேட்டு எழுதுவேன். முதலில் சொல்ல வெட்கப்பட்டாள். "இதையெல்லாமாங்க எழுதுவாங்க?" என்றாள். எழுதாமல் எப்படித் தெரியும்? நான்காம் நாள் கறுப்பு. ஐந்தாம் நாள் கறுப்பு. ஏழாம் நாள் கறுப்பு, குமட்டல். பதினொன்றாம் நாள் மாத்திரையை நிறுத்தினேன், நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. பாக்கி அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தூக்கி எறியவில்லை. அரசாங்கப் பொருளை எறியக் கூடாது.

வெறுமனே நிறுத்தினேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஈடாக உணவு. முருங்கைக்கீரையில் இவ்வளவு, பேரீச்சையில் இவ்வளவு, கேழ்வரகில் இவ்வளவு என்று கணக்குப் போட்டு, சமையலறைக் கதவில் அட்டவணை ஒட்டினேன். காலையில் ஒரு கிண்ணம் கீரை, மத்தியானம் ஒரு கிண்ணம், சாயந்திரம் ஒரு கிண்ணம். நானே கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, கிண்ணம் காலியாகிற வரை இருப்பேன். எந்தப் புருஷன் செய்வான்? வாந்தி எடுத்தால் அந்த அளவை மறுபடி சாப்பிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கும். கீரை குமட்டுகிறது என்று அழுவாள். அதற்காகச் சாப்பிட்டவுடன் நானே கடுந்தேநீர் போட்டுக் கொடுப்பேன். பின்னால் நர்சம்மா, "சாப்பாட்டோட டீ குடிச்சா சாப்பிட்ட சத்து ஒட்டாது தம்பி" என்று சொன்னார். அதற்கும் அவரிடம் சீட்டு இல்லை.

என் அக்கா அலமேலு, கூடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான், அடுத்த தெருவில் இருக்கிறது. அது வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் புள்ள பெத்தப்ப ஒருவாய் கஞ்சி ஊத்த நாதியில்ல. நீ டிகிரிகாரன் பொண்டாட்டி, கிண்ணத்துல வச்சு ஊட்டுறான்டி" என்று செவ்வந்தியைக் கிண்டல் செய்யும். செவ்வந்தி சிரிக்க மாட்டாள்.

ஐந்தாம் மாதம் துணை சுகாதார நிலையத்தில் குத்திப் பார்த்தார்கள். எட்டு புள்ளி ஆறு. நர்சம்மா என்னைப் பார்த்தார். "மாத்திரை போடுறாளா?"

"இல்லம்மா. நான்தான் நிறுத்தினேன்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். நான்கு வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள், போட்டோம் போட்டோம் என்று. நான் சொல்லவில்லை. நோட்டைக் காட்டினேன். நர்சம்மா நோட்டை வாங்கக்கூட இல்லை. "தம்பி, உனக்குப் புரியற மாதிரி நான் எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு செவ்வந்தியிடம் எடை பார்க்க வேண்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எடை பார்க்கிற மெஷின் வாசலில்தான் இருந்தது. நான் அப்போது கவனிக்கவில்லை. நான் எல்லோரையும் என்னைப் போலவே நினைத்துவிடுவேன், அது ஒரு பலவீனம்.

ஏழாம் மாதம் ஒன்பது புள்ளி எட்டு. ஏறிவிட்டது! நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷம் இருக்கிறதே. அட்டவணையைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். 'மாத்திரை இல்லாமல் இயற்கை முறையில்' என்று தலைப்பு. முப்பத்தாறு பேர் கைதட்டல் போட்டார்கள். அடுத்த வீட்டு மருமகளும் கர்ப்பமாக இருந்தது. அதுவும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரைக்கு மாறியது. செவ்வந்தியிடம் படத்தைக் காட்டினேன். அவள் போனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லதுங்க" என்றாள்.

வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாள். ஜன்னலோரம் வளையல் அடுக்கி வைத்திருந்த தட்டுக்கு அடியில் புடவையை மடித்து வைத்திருந்தாள். மழை வரும்போல இருந்ததால் துணியை எடுத்து வைக்கலாம் என்று நான் தூக்கினேன். மடிப்பிலிருந்து சிவப்பு அட்டை விழுந்தது. பாதி காலி.

உங்களுக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்கள். மூன்று மாதம் ஒருத்தன் தினம் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து ஊட்டுகிறான். ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்கிறான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் மாத்திரை விழுங்குகிறாள். மாத்திரை எனக்குப் பெரிய விஷயம் இல்லை. இது உங்களுக்கு நன்றாக விளங்க வேண்டும். மாத்திரை விஷயமே இல்லை. பொய். நான் சொன்னேனே ஒரு குறை என்று, அது இதுதான். பொய் சொல்வாள்.

அடிக்கவில்லை. நான் யார் மேலும் கைநீட்டியதில்லை. அக்காவை மட்டும் வரச்சொன்னேன். அட்டையை நடுவில் வைத்தேன். "எங்கேயிருந்து வந்துச்சு?"

"நர்சம்மா குடுத்தாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"கறுப்பா போச்சா?"

"போச்சுங்க."

"ஆனா மஞ்சள்னு எழுதச் சொன்ன."

அழுதாள். "புள்ளைக்குன்னுதாங்க. மூச்சு வாங்குதுங்க, படி ஏற முடியல. இதைப் போட்டதுலேருந்து கொஞ்சம் தேவலை" என்றாள். அக்காகூட, "விடுடா, மாத்திரைதானே, விஷமா தின்னா" என்றது. நான் விடவில்லை. இன்றைக்கு மாத்திரை, நாளைக்கு எது? வயிற்றில் இருக்கிற குழந்தை கேட்டுக்கொண்டுதானே இருக்கும், அதற்குப் பொய்யையா முதலில் கற்றுக்கொடுப்பது?

எங்கள் ஊரில் அய்யனார் கோவில் உண்டு. அங்கே கற்பூரம் கொளுத்தி, எரிகிறபோது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சு இல்லை. பங்காளிச் சண்டையெல்லாம் அதோடு முடிந்துவிடும். செவ்வந்தியை அழைத்துப் போனேன். மெதுவாகத்தான் நடத்திக் கூட்டிப் போனேன், வழியில் இரண்டு இடத்தில் உட்காரவும் விட்டேன். 'என் புருஷன் படித்துப் பார்த்துச் சொல்லாமல் எந்த மருந்தும் என் உடம்புக்குள் போகாது.' இந்த வாக்கியத்தை நானே எழுதிக் கொடுத்தேன், குழப்பம் வரக் கூடாது என்று. சொல்லிவிட்டு அணைத்தாள். உள்ளங்கையில் சின்னக் கொப்புளம் வந்தது. வீட்டுக்கு வந்து நானே களிம்பு போட்டேன். களிம்புக்குச் சீட்டு இருந்தது, படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு பொய்கூட இல்லை. என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்வாள். "தலை சுத்துதுங்க." "கண்ணு இருட்டுதுங்க." "நெஞ்சு படபடங்குதுங்க." நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நோட்டில் அந்தப் பக்கங்கள்தான் மிகவும் ஒழுங்காக இருக்கும்.

எட்டரை மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். ஏழு புள்ளி ஒன்று. டாக்டரம்மா சின்ன வயசு. "உடனே படுக்க வைங்க, இரும்புச்சத்து ஊசி டிரிப்ல போடணும், தேவைப்பட்டா ரத்தமும் ஏத்தணும்" என்றார். நான் வெளியே ரசீது போடும் இடத்தில் நின்றிருந்தேன். உள்ளே ஊசியோடு போயிருக்கிறார்கள். செவ்வந்தி கையை இழுத்துக்கொண்டாளாம். "அவரு படிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்" என்றாளாம். கஸ்தூரி நர்சம்மாவும் கூட வந்திருந்தார். "அடிப்பாவி, உன் உசிருடி" என்று கத்தினாராம். "சாமி முன்னாடி சொல்லியிருக்கேம்மா" என்றாளாம்.

அதை அந்த டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் கோபமாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு எதிரில்கூட இல்லை, நான் பார்க்காத இடத்தில், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

நான் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் வேண்டுமானால், நான் ஊசி வேண்டாம் என்று சொல்லவே இல்லை. "இதன் விவரம் எழுதின தாள் கொடுங்கள். படித்துவிட்டு நாளை மறுநாள் சொல்கிறேன்" என்றேன். ஊசி மருந்தின் பெட்டியில் சீட்டு இருந்தது, எடுத்துக் கொடுத்தார்கள். பொடி எழுத்து, இரண்டு பக்கமும். கையெழுத்துப் போட்டுவிட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நர்சம்மா வழி மறித்து, "தம்பி, ஒரே ஒரு நாள் விட்டுட்டுப் போ, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். படிக்காமல் எப்படி விடுவது?

முதல் பக்கம் முடித்தேன். இரண்டாம் பக்கத்தில் பாதி. மறுநாள் காலை பதினொரு மணிக்கு வலி வந்துவிட்டது. மூன்று வாரம் முன்கூட்டியே. இதில் யார் என்ன செய்ய முடியும்? நான் கேட்ட நாள் இன்னும் முடியவில்லை.

குழந்தை அதே ஆஸ்பத்திரியில் சுலபமாகப் பிறந்தது. பெண். இரண்டு கிலோ நூறு. பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. எல்லோருக்கும் போகிற அளவைவிடக் கொஞ்சம்தான் கூட என்று டாக்டரம்மாவே சொன்னார். "வேற பொம்பளையா இருந்தா தாங்கியிருப்பா. இவகிட்ட இழக்கறதுக்கு ரத்தமே இல்ல சார்." அவள் பிரிவு ரத்தம் அங்கே ஒரு பாட்டில்தான் இருந்தது, ஏற்றினார்கள். அதற்கு நான் சீட்டுக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசு இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினார்கள். நான் கூட ஏறினேன். முகம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. உதட்டைப் பார்த்தால் எது உதடு எது கன்னம் என்று தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"நான் திரும்ப எதையும் முழுங்கலைங்க" என்றாள். "சத்தியமா."

"எனக்குத் தெரியும் செவ்வந்தி" என்றேன். நம்பினேன் என்பதைத் தெரிந்துகொண்டுதான் போனாள். எத்தனை பேருக்கு அந்த நிம்மதி கிடைக்கும்?

நீங்கள் தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

பிறகு விசாரணை நடந்தது. பிரசவத்தில் யார் இறந்தாலும் நடத்துவார்களாம். என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மா, பெரிய அதிகாரி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தை மறுபடி திருப்பினார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நோட்டைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதான் முக்கியம். காபி கொண்டுவந்தபோது பார்த்தீர்களே, அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதுதான். ஆதிரை. ஒரு வயது மூன்று மாதம். மற்ற குழந்தைகள் மாதிரி ஓடித் திரிந்து உயிரை வாங்க மாட்டாள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அழக்கூட மாட்டாள், அழ ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவாள். எந்நேரமும் தூக்கம்தான். இன்னும் நிற்கவில்லை, அதனால் பின்னால் ஓடுகிற வேலை உங்களுக்கு இருக்காது. நல்ல வெள்ளை நிறம், செவ்வந்தியைவிட, என்னைவிட. ஒரே கெட்ட பழக்கம், சுவர்ப் பக்கம் விட்டால் காரையைச் சுரண்டித் தின்பாள். கையில் இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.

கஸ்தூரி நர்சம்மா இன்னும் விடுவதில்லை. ஆறாம் மாதத்திலேயே ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு இரும்புச்சத்து டானிக்காம். நான் கேட்பதற்கு முன்பே, "சீட்டு இருக்கு தம்பி. உனக்காகத் தேடிப் பிடிச்சுப் பெட்டியோட கொண்டாந்தேன்" என்றார். சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். போன வாரம் வந்து, "இந்தப் புள்ளையையாவது விடுடா, கையெடுத்துக் கும்புடுறேன்" என்று நடுத்தெருவில் அழுதார். உணர்ச்சிவசப்பட்டு மருந்து கொடுக்க முடியுமா? படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன தடவை வேகமாகப் படித்ததில் எனக்கே திருப்தி இல்லை. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் எழுதி வைத்துப் படிக்கிறேன். மூன்றாவது மடிப்பு வரைக்கும் வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். ஒன்றையும் மறைக்கவில்லை. வேறு மாப்பிள்ளை யாராவது பெண் பார்க்க வந்த இடத்தில் இத்தனையும் சொல்வானா? இப்போது நீங்கள் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். நான் போய் உங்கள் அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுவேன்.

என்ன?

எப்போது கல்யாணம் என்றா?

ஆவணியில் என்றுதான் உங்கள் மாமாவும் நானும் பேசியிருக்கிறோம்.

இந்த ஆனிக்குள்ளேயேவா? ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தானே இருக்கிறது. கோவிலில் வைத்துத் தாலி மட்டும் கட்டினால் போதும் என்கிறீர்களா? புடவை, நகை எதுவும் வேண்டாமா? நாளைக்கே என்றாலும் சரியா?

இல்லை, சிரிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன் வளர்மதி, இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள், நேரில் உட்கார்ந்து கேட்டால் மனிதரைப் புரிந்துகொள்ள ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். கையை விடுங்கள், உங்கள் அம்மா பார்க்கப் போகிறார்கள்.

அதுவரை குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்பதெல்லாம் சரியாக வராது. தாலி கட்டுவதற்கு முன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போனான் என்று பேசுவார்கள். நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? உங்களுக்கும் ஆசை இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை நான். ஜாதகத்தை இன்னொருவரிடமும் காட்ட வேண்டும், உங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் முறைப்படி நடக்கட்டும். நடுவில் ஆடி ஒன்றுதானே. ஆவணி பிறந்தவுடன் முதல் முகூர்த்தம். எண்ணி நாற்பத்தைந்து நாள்.

குழந்தை எங்கே போய்விடப் போகிறாள்?